மூட்டைப்பூச்சிக்கு வயல் மருந்து வேண்டாம்... மெல்லிய மண் பொடி போதும்!

“நெல்லுக்கு வாங்கின மருந்து அரை பாட்டில் மிச்சம் இருந்துச்சு. அதைக் கலந்து கட்டில் பூரா அடிச்சேன். நாலு நாள் கடி இல்லை. அஞ்சாம் நாள்ல இருந்து மறுபடியும் கடிக்குது. இப்ப பக்கத்து அறையிலயும் வந்துடுச்சு. பேத்திக்கு வேற ரெண்டு நாளா தலைவலி, வாந்தி. இதைவிட வீரியமா என்ன மருந்து இருக்கு?”

விழுப்புரம் மாவட்டத்து வாசகர் ஒருவர் தொலைபேசியில் கேட்டது இது. மூட்டைப்பூச்சி பற்றி வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த மாதிரிதான் இருக்கின்றன. அவருக்கு முதலில் சொன்னது பூச்சி பற்றி அல்ல. பேத்தியை உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள் என்றுதான். வயலில் அடிக்கும் மருந்து வெயிலிலும் மழையிலும் காற்றிலும் சிதைந்து போவதற்காகத் தயாரிக்கப்பட்டது. அறைக்குள் அடித்தால் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. கட்டில் கயிற்றிலும் தலையணையிலும் அது பல நாள் அப்படியே இருக்கும். அதன் மேல் முகம் புதைத்துத் தூங்குவது குழந்தைகள்.

தானியத்துக்கு வைக்கும் வாயு மாத்திரையை மூட்டைப்பூச்சிக்காகக் கட்டிலுக்கு அடியில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயுவைக் கக்கும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. 2024 நவம்பரில், சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலிக்கு மருந்து வைத்த வீட்டில் இரவு தூங்கிய குடும்பத்தில் இரண்டு சிறு குழந்தைகள் இறந்து போனார்கள். மூட்டைப்பூச்சி கடித்து யாரும் சாவதில்லை. அதைக் கொல்லப் போய்த்தான் உயிர் போகிறது.

சரி, விஷம் வேண்டாம் என்றால் வேறு வழி உண்டா? உண்டு. ஆனால், அந்தப் பூச்சி எப்படி வருகிறது, எங்கே ஒளிகிறது என்று தெரியாமல் எந்தப் பொடியைத் தூவினாலும் காசுக்குத்தான் கேடு.

பெயரிலேயே மூட்டை!

மூட்டைப்பூச்சிக்கு இறக்கை இல்லை. தெள்ளுப்பூச்சி மாதிரி குதிக்கவும் தெரியாது. நடக்க மட்டும்தான் தெரியும். அப்படியானால் ஊர்விட்டு ஊர் எப்படி வருகிறது? நாம்தான் தூக்கி வருகிறோம். பெயரில் மூட்டை இருப்பது எந்தக் காரணத்தாலோ, வருவது என்னவோ மூட்டை முடிச்சில்தான்.

திருப்பூர் பனியன் கம்பெனி அறைகளில் தங்கி வேலை பார்க்கும் பிள்ளைகள் பொங்கலுக்கு ஊர் வரும்போது கொண்டுவரும் பை, விடுதியில் படிக்கும் மகளின் டிரங்குப் பெட்டி, செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போய்த் திரும்புகிறவர்களின் துணி மூட்டை, பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்த மரக்கட்டில், விசேஷத்துக்கு வாடகைக்கு எடுத்த ஜமுக்காளமும் தலையணையும், நோயாளிக்குத் துணையாக மருத்துவமனையில் நான்கு நாள் விரித்துப் படுத்த போர்வை... வழிகள் இவைதான். அழுக்கான வீட்டில்தான் மூட்டைப்பூச்சி வரும் என்பது சரியல்ல. அதற்கு வேண்டியது மனித ரத்தமும் ஒளிய ஓர் இடுக்கும். இந்த இரண்டும் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் இருப்பதால்தான் ஒரு வீட்டில் இருப்பது ஒட்டுச்சுவர் வழியாக அடுத்த வீட்டுக்கும் போகிறது. தொகுப்பு வீடுகளில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லி, ஒரே நாளில் சேர்ந்து வேலை செய்தால்தான் பலன்.

சினைப்பட்ட பெண் பூச்சி ஒன்றே ஒன்று வந்தால் போதும். ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஐந்து முட்டை வரை இடும். வாழ்நாளில் 200-க்கு மேல். பிறந்த குஞ்சுகள் தமக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்துகொள்ளும். வெளியிலிருந்து துணை தேவையில்லை. முட்டை கசகசா அளவில் வெள்ளையாக, இடுக்கில் பசை வைத்து ஒட்டியது போல இருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் பொரிக்கும். குஞ்சு ஐந்து முறை தோல் உரித்து வளரும். ஒவ்வொரு முறை உரிப்பதற்கும் ஒரு வேளை ரத்தம் வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதத்தில் முழுப்பூச்சியாகிவிடும். முழுப்பூச்சியைக் கொள்ளுப் பயறுக்கு ஒப்பிடலாம். அளவும் நிறமும் ஏறக்குறைய அதேதான். ரத்தம் குடிக்காமல் சில மாதம்கூடத் தாக்குப்பிடிக்கும். அதனால், வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு வாரம் மாமியார் வீட்டில் இருந்துவிட்டு வந்தால் செத்துப் போயிருக்கும் என்று நினைக்க வேண்டாம். பசியோடு காத்திருக்கும்.

நாம் விடும் மூச்சையும் உடம்புச் சூட்டையும் வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறது. பெரும்பாலும் விடியலுக்கு முந்தைய ஆழ்ந்த தூக்கத்தில் வரும். ஐந்து, பத்து நிமிடம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். கடிக்கும்போது வலிக்காது. காலையில்தான் வரிசையாகத் தடித்திருப்பது தெரியும். சிலருக்குத் தடிப்பே வராது. ‘தாத்தாவை மட்டும் ஏன் கடிக்கலை?’ என்று கேட்பார்கள். அவரையும் கடிக்கிறது, உடம்பு காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மூட்டைப்பூச்சி எந்த நோயையும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரப்புவதாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால், சொறிந்து புண்ணாகிச் சீழ் பிடிக்கும். தூக்கம் கெடும். அளவுக்கு மீறிப் பெருகிய வீடுகளில் சிறு குழந்தைகளுக்கு ரத்தசோகை வரை போனதுண்டு.

தேடும் கலை

வயிறு நிறைந்த பூச்சி ரொம்ப தூரம் போகாது. படுக்கும் இடத்திலிருந்து ஒன்றிரண்டு மீட்டருக்குள்தான் பெரும்பாலும் இருக்கும். டார்ச் விளக்கும் ஒரு பழைய ஏ.டி.எம். அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கயிற்றுக் கட்டிலில் முடிச்சுகள், சட்டமும் காலும் சேரும் துளைகள். மரக்கட்டிலில் பலகை இடுக்கு, திருகாணி ஓட்டை. கோரைப்பாயில் துணி வைத்துத் தைத்த ஓரம். மெத்தையில் தையல் மடிப்பு. பிறகு சுவர்ப்பக்கம் வாருங்கள். கதவு நிலை, விரிசல், சுவிட்சுப் பெட்டி, சாமி படத்துக்குப் பின்னால், தினசரி காலண்டர் அட்டைக்குப் பின்னால். அட்டையை இடுக்கில் விட்டு இழுத்தால் பூச்சி வெளியே வரும். பூச்சி கண்ணில் படாவிட்டாலும், பேனாவால் குத்தியது போன்ற கறுப்புப் புள்ளிகளும் உரித்த தோலும் இருந்தால் அங்கேதான் குடித்தனம்.

நசுக்கினால் வரும் நாற்றத்தை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள். பச்சைக் கொத்தமல்லிச் செடியை வயலில் கசக்கினால் வரும் வாடையோடு அதற்கு ஓர் உறவு உண்டு. இரண்டிலும் ஒரே வகையைச் சேர்ந்த வேதிப்பொருள்கள் இருக்கின்றன. கொத்தமல்லியின் ஆங்கிலப் பெயரே மூட்டைப்பூச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்வதுண்டு. மல்லி போடும் விவசாயிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம்!

மருந்துக்கு ஏன் மசியவில்லை?

அறுபது வயதைத் தாண்டிய வாசகர்களுக்கு மலேரியா ஒழிப்புக்காரர்கள் வந்து சுவரில் டி.டி.டி. அடித்துவிட்டு, வாசல் பக்கம் தேதி எழுதிப் போனது நினைவிருக்கும். தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது 1953-ல். கொசுவுக்கு அடித்தது ஆரம்பத்தில் மூட்டைப்பூச்சியையும் சேர்த்துக் கொன்றது. ஆனால், அதற்கு முன்பே, 1947-ல் ஹவாய் தீவின் பேர்ல் துறைமுகப் படைவீடுகளில் டி.டி.டி.யைத் தாங்கும் மூட்டைப்பூச்சி தென்பட்டுவிட்டது. இன்று கொசுவத்தியிலும் எறும்புச் சாக்பீஸிலும் தெளிப்பான்களிலும் இருக்கும் பைரித்ராய்டு மருந்துகளுக்கும் அதே கதைதான். நரம்பைத் தாக்கும் மருந்தை உடம்புக்குள்ளேயே உடைத்துவிடும் திறனும், மருந்து உள்ளே இறங்காத தடித்த தோலும் இந்தப் பூச்சிகளுக்கு வந்துவிட்டன. சாகாமல் எரிச்சல்பட்டு ஓடி, பக்கத்து அறையில் குடியேறும். விழுப்புரம் வாசகர் வீட்டில் நடந்தது இதுதான்.

போரிக் பவுடரைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். கரப்பானுக்கு அது சரி. கரப்பான் காலை நக்கும், பொடி வயிற்றுக்குப் போகும். மூட்டைப்பூச்சி ரத்தத்தைத் தவிர எதையும் வாயில் வைக்காது. அதற்கு வயிற்று விஷம் போட்டு என்ன பயன்?

துவரைக்குச் செம்மண் கட்டுவது போல...

விதைத் துவரைக்குச் செம்மண் கட்டி வைத்தால் வண்டு ஏறாது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். பயறு விதை 100 கிலோவுக்கு 1 கிலோ கயோலின் களிமண் கலந்து வைக்கச் சொல்வதும் அதே தத்துவம்தான். பூச்சியின் தோல் மேல் மிக மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கிறது. உடம்பின் ஈரம் வெளியே போகாமல் காப்பது அதுதான். நுண்ணிய மண் துகள் அந்த மெழுகை உறிஞ்சியும் தேய்த்தும் எடுத்துவிட்டால், பூச்சி வற்றிச் சாகும். இதில் நரம்பும் இல்லை, விஷமும் இல்லை. மருந்துகளைத் தாங்கப் பழகிய பூச்சியும் இதில் மாட்டிக்கொள்ளும்.

மூட்டைப்பூச்சிக்கு இந்த வேலையை நன்றாகச் செய்வது டயட்டம் மண். ‘டயட்டமேசியஸ் எர்த்’ என்று கேட்டால் இயற்கை இடுபொருள் கடைகளில் கிடைக்கும். கடலிலும் ஏரியிலும் வாழ்ந்த டயட்டம் என்ற ஒற்றைச்செல் பாசிகளின் கூடுகள் காலகாலமாகப் படிந்து மண்ணானது. அந்தக் கூடு முழுக்க சிலிக்கா. கையில் எடுத்தால் மைதா மாவு போல இருக்கும். ஒவ்வொரு துகளிலும் நுண்துளைகள். எண்ணெயையும் மெழுகையும் உறிஞ்சிக்கொள்ளும்.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ‘உணவுத் தரம்’ என்று அச்சிட்டதை மட்டும் வாங்குங்கள். நீச்சல் குளத் தண்ணீரை வடிகட்ட விற்கும் டயட்டம் மண் அதிக வெப்பத்தில் சுடப்பட்டது. அதில் படிக சிலிக்கா இருக்கும். நுரையீரலுக்கு ஆபத்து. கல்குவாரித் தொழிலாளிகளுக்கு வரும் சிலிக்கோசிஸ் நோயைக் கொடுப்பது படிக சிலிக்காதான். சில பொட்டலங்களில் பூச்சிக்கொல்லியும் கலந்திருப்பார்கள். பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பொடியை அள்ளிக் கொட்டுவதுதான் எல்லாரும் செய்வது. குவியலாகக் கிடந்தால் பூச்சி அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். கோலம் போடுவது போலக் கோடு இழுப்பதும் வேண்டாம். மாவு சலித்து முடித்த பிறகு தரையில் படிந்திருக்குமே, இருக்கிறதா இல்லையா என்று விரலால் தடவிப் பார்த்தால் தெரியுமே, அந்த அளவு போதும். உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தொட்டு, கட்டில் இடுக்குகளிலும் முடிச்சுகளிலும் சுவர் விரிசலிலும் பூசுங்கள். ஒரு கட்டிலுக்கு இரண்டு மூன்று தேக்கரண்டிக்கு மேல் செலவாகக் கூடாது. பொடி ஒட்டிய பூச்சி தன் மறைவிடத்துக்குத் திரும்பும்போது மற்றவற்றின் மேலும் தேய்த்துவிடும். இது கூடுதல் லாபம்.

பூசும்போது மூக்கையும் வாயையும் மூடும் நல்ல முகக்கவசம் வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும், குழந்தைகளும் ஆஸ்துமாக்காரர்களும் வெளியே இருக்க வேண்டும். உடம்பு படும் மெத்தை மேல்பக்கத்திலும் தலையணையிலும் தொட்டிலிலும் போடவே கூடாது. உணவுத் தரம் என்றாலும் தூசி தூசிதான்.

ஈரம்தான் இந்தப் பொடிக்கு எதிரி. நனைந்துவிட்டால் வேலை செய்யாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றிலேயே ஈரம் இருக்கும்போது மெதுவாகத்தான் கொல்லும். நல்ல வெயில் காலத்திலும் ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். மறுநாளே கடி நிற்கவில்லை என்று கழுவிவிடாதீர்கள். முட்டைக்குள் இருப்பதைப் பொடி ஒன்றும் செய்யாது. குஞ்சு பொரித்து வெளியே நடக்கும்போதுதான் மாட்டும். அதனால் பொடி அங்கேயே கிடக்க வேண்டும்.

பொடிக்கு முன்னால் வெயில்

பொடி மட்டும் போதுமா என்றால், போதாது என்றுதான் சொல்வேன். முதல் நாளிலேயே பாதிக்கு மேல் பூச்சியைக் குறைத்துவிட்டு மீதியைப் பொடியிடம் விடுவதுதான் சரி. அந்த முதல் அடியைக் கொடுப்பது சூடு. 55 டிகிரி செல்சியஸைத் தொட்டால் முட்டையும் தப்பாது. 45 டிகிரி என்றால் பெரிய பூச்சி சாக ஒன்றரை மணி நேரமும், முட்டை சாக ஏழு மணி நேரமும் ஆகும்.

பாயைச் சும்மா வெயிலில் விரித்தால் பூச்சி அடிப்பக்க நிழலுக்கு ஓடிவிடும். காய்கறி நாற்றங்காலில் பாலித்தீன் மூடி மண்ணைச் சூடேற்றுகிறோமே, அதையே இங்கேயும் செய்யலாம். சிமென்ட் களத்தில் துணி, பாய், போர்வையை ஒற்றை அடுக்காக விரித்து, மேலே பாலித்தீன் தாளை மூடி, நான்கு ஓரத்திலும் மண் அள்ளிப் போட்டுக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் காலை பத்து மணிக்கு மூடி மாலை நான்கு மணிக்குத் திறக்கலாம். இடையில் ஒருமுறை புரட்டிப் போட்டு மறுபடி மூடுங்கள். தடித்த பஞ்சு மெத்தையின் நடுவரைக்கும் இந்தச் சூடு இறங்காது. அதற்குத் தையல் ஓரங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு, கிழியாத உறையில் போட்டுத் தைத்துவிடுவதுதான் வழி.

கட்டிலை முற்றத்தில் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை இடுக்கில் ஊற்றுவது நம் பாட்டிமார் வைத்தியம். இன்றைக்கும் அதைவிட நல்லது எதுவும் வரவில்லை. தண்ணீர் ஆறும் முன் இடுக்கில் இறங்க வேண்டும் என்பதால் அடுப்பைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மூட்டிக்கொள்ளுங்கள். பிறகு கட்டில் நன்றாகக் காய்ந்த பின்புதான் பொடி. சுவர் விரிசல்களில் பொடியை உள்ளே தட்டிவிட்டு மேலே சுண்ணாம்போ சிமென்டோ பூசி அடைத்துவிடலாம்.

கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். போர்வை தரையில் புரளக் கூடாது. நான்கு காலுக்கும் கிண்ணம் வைக்கும் பழைய பழக்கம் நல்லதுதான், ஆனால் ஒரு திருத்தம். வெப்ப நாடுகளில் இருக்கும் மூட்டைப்பூச்சி வகை வழுவழுப்பான பிளாஸ்டிக்கிலும் ஏறக்கூடியது. வெறும் கிண்ணம் அதைத் தடுக்காது. சோப்புத் தண்ணீரோ கொஞ்சம் சமையல் எண்ணெயோ ஊற்றி வையுங்கள். வெறும் தண்ணீர் என்றால் டெங்குக் கொசு முட்டையிட இடம் கொடுத்தது போல ஆகிவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு, அதே கட்டிலில்தான் படுக்க வேண்டும். இதைச் சொன்னால் பலரும் முகம் சுளிக்கிறார்கள். ஆனால், ஆள் அடுத்த அறைக்குப் போனால் பூச்சியும் தேடிக்கொண்டு வரும். ஆள் இங்கே இருந்தால்தான் அது பொடியைக் கடந்து நடக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை டார்ச் வைத்துப் பாருங்கள். பொடி கலைந்த இடத்தில் மறுபடி பூசுங்கள். இரண்டு மாதம் ஒரு கடியும் ஒரு புதுப் புள்ளியும் இல்லை என்றால்தான் ஒழிந்தது என்று அர்த்தம்.

வாசகர்கள் கேட்டவை

*வசம்புப் பொடி, வேப்பிலைப் பொடி, நொச்சி இலை இவற்றால் மூட்டைப்பூச்சி போகாதா?*

‘போகும்’ என்பதுதான் சிக்கலே. வசம்பின் நெடி பூச்சிகளை விரட்டும். தானியத்திலும் துணிப் பெட்டியிலும் அது கைகண்ட மருந்து. ஆனால், ஏற்கெனவே மூட்டைப்பூச்சி இருக்கும் கட்டிலில் போட்டால் சாவதற்குப் பதிலாக அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட வாய்ப்பு அதிகம். பூச்சி இல்லாத இடத்துக்கு வராமல் தடுக்க, அதாவது வெளியூர் போகும் பையிலும் விடுதிக்குப் போகும் பெட்டியிலும் போட்டு வைக்க, வசம்பைப் பயன்படுத்துங்கள். அதையும் டயட்டம் மண்ணையும் ஒரே கட்டிலில் சேர்த்துப் போட வேண்டாம். ஒன்று நடக்கவிடாமல் விரட்டும், மற்றொன்றுக்கு அது நடந்தால்தான் வேலை.

*அடுப்புச் சாம்பல் போடலாமா?*

விதைக்குப் போடும் அளவுக்கு நம்பலாம். கட்டிலுக்கு வேண்டாம். துகள் கரடு, ஈரத்தைச் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும்.

*பீன்ஸ் இலை மூட்டைப்பூச்சியைப் பிடிக்கும் என்கிறார்களே, நிஜமா?*

நிஜம்தான். பல்கேரியா, செர்பியா பக்கம் கிராமங்களில் இரவில் கட்டிலைச் சுற்றிப் பீன்ஸ் இலைகளைப் பரப்பி, காலையில் கூட்டி எரிப்பார்கள். இலையின் அடியில் இருக்கும் கொக்கி போன்ற சுணை, பூச்சியின் காலைக் குத்திப் பிடித்துக்கொள்கிறது. 2013-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்து இதை உறுதி செய்தார்கள். இலை வாடினால் பயனில்லை. கொடைக்கானல், ஊட்டி விவசாயிகள் வேண்டுமானால் பறித்த கையோடு சோதித்துப் பார்க்கலாம்.

*வீட்டுக்குள் அடைக்கோழி வைத்திருக்கிறோம். கோழியிலிருந்து மூட்டைப்பூச்சி வருமா?*

மூட்டைப்பூச்சி கோழி ரத்தத்தையும் குடிக்கும். அடைக்கூடையின் பின்னல் அதற்கு அருமையான வீடு. ஆனால், கோழி மேலேயே ஊர்ந்துகொண்டிருந்தால் அது பேனோ செள்ளோதான். மூட்டைப்பூச்சி குடித்துவிட்டு இறங்கிப் போய்விடும். வீட்டில் மூட்டைப்பூச்சி இருக்கும்போது அடைக்கூடையைப் படுக்கும் அறையை விட்டு வெளியே வையுங்கள். குஞ்சு பொரித்ததும் கூடையைக் கொதிநீரில் முக்கி எடுங்கள், வைக்கோலை எரித்துவிடுங்கள்.

*வயல் மருந்து அடித்த கட்டிலை இனி பயன்படுத்தலாமா?*

கையுறை போட்டுக் கயிறு முழுவதையும் அறுத்தெடுங்கள். அந்தக் கயிற்றைக் கழுவி மறுபடி கட்ட வேண்டாம், ஆடு மாடு கட்டவும் வேண்டாம். எரித்தால் புகையில் நஞ்சு வரும் என்பதால், கிணறு, வாய்க்காலிலிருந்து தள்ளி ஆழமாகப் புதையுங்கள். சட்டத்தை வெட்டவெளியில் சோப்புத் தண்ணீரால் இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவி, ஒரு வாரம் வெயிலில் போடுங்கள். மருந்து பட்ட தலையணையை எடுத்துப் போட்டுவிடுவதே நல்லது. வீட்டில் யாருக்காவது வாந்தி, தலைச்சுற்றல், வாயில் எச்சில் ஒழுகுவது, அளவுக்கு மீறிய வியர்வை, மூச்சுத் திணறல் என்று எது இருந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மருந்து பாட்டிலைக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் சரியான சிகிச்சையை உடனே தொடங்க முடியும்.